இ-ரிக்‌ஷா ஓட்டுநரின் மகனும் 18 சதவீத வரியும்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: மேற்கு தில்லியின் விகாஸ்புரியில் இ-ரிக்‌ஷா ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுபவரின் மகன் கமல் சிங். 'ஏபிசிடி' என்ற ஹிந்தித் திரைப்படத்தில் பாலே நடனத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்த அவர், 2016-ல் தில்லியில் பாலே கற்பித்து வந்த அர்ஜென்டினா நாட்டவரான ஃபெர்னாண்டோ அகிலெராவின் பள்ளிக் கதவைத் தட்டினார். அப்போது அவருக்கு வயது 17. பாலே பயில்வோர் சிறு வயதிலேயே தொடங்கிவிடுவது வழக்கம். உடல் வளைய வேண்டிய வயது அது. தாமதமாக வந்த இந்த இளைஞரிடம் மாதக் கட்டணம் செலுத்தவும் வழியில்லை. ஆனால், ஆசிரியர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கட்டணத்தைக் கைவிட்டுக் கற்பித்தார்.

நான்கு ஆண்டுகளில், 2020-ல், லண்டனில் உள்ள இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியில் கமல் சிங்குக்கு இடம் கிடைத்தது. ஓராண்டுக் கட்டணம் 8,000 பவுண்டு. தங்குவதற்கும் உண்பதற்கும் ஆகும் செலவு தனி. கொரோனா பொதுமுடக்கத்தில் தில்லி வீதிகளில் வண்டிகள் முடங்கிக் கிடந்த ஆண்டு அது. இணையம் மூலம் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. நடிகர் ஹ்ருத்திக் ரோஷனும் பணம் அளித்தார். இளைஞர் விமானம் ஏறினார். பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

மும்பையிலும் இதேபோன்ற கதை உண்டு. வாடகைக் கார் ஓட்டுநரின் மகன் மணீஷ் சௌஹான், வெல்டிங் தொழிலாளியின் மகன் அமீருதீன் ஷா ஆகிய இருவரையும் இஸ்ரேலில் பிறந்த பாலே ஆசிரியர் யெஹுதா மாவோர் மும்பையில் கண்டெடுத்துப் பயிற்சி அளித்தார். அமீருதீன் 2017-ல் லண்டன் ராயல் பாலே பள்ளியை எட்டினார். அப்போதும் கட்டணத்துக்காகப் பொதுமக்களிடம்தான் கையேந்த வேண்டியிருந்தது. இவர்களது வாழ்வைத் தழுவி சூனி தாராபோரேவாலா இயக்கிய 'யே பாலே' திரைப்படம் 2020-ல் வெளியானது.

இந்தக் கதைகளைப் படித்து நெகிழ்ந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மூன்று இளைஞர்களும் மேலே வந்தது, யாரோ ஓர் ஆசிரியர் தமது வருமானத்தைத் தியாகம் செய்ததால். பிறகு முகம் தெரியாத ஆயிரம் பேர் பணம் போட்டதால். இந்த வரிசையில் எந்த இடத்திலும் அரசு வரவில்லை. அப்படியானால் அரசு எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்த்தால், அது கட்டணம் வசூலிக்கும் மேஜைக்கு அருகில், வரிப் பங்கைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் நிற்கிறது.

சண்டீகரில் நடந்தது என்ன?

சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) 2017 ஜூலையில் அமலுக்கு வந்தபோது, கலை, பண்பாடு தொடர்பான பொழுதுபோக்குப் பயிற்சிகளுக்கு முழு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. கற்பிப்பவர் தனிநபரா, அறக்கட்டளையா, நிறுவனமா என்ற பாகுபாடு அதில் இல்லை. ஐந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டீகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 47-ஆவது கூட்டத்தில் இந்த விலக்கு சுருக்கப்பட்டது. ஜூலை 18 முதல், கலை, பண்பாட்டுப் பயிற்சியைத் 'தனிநபர்' வழங்கினால் மட்டுமே வரி கிடையாது. கூட்டு நிறுவனமோ, சங்கமோ, அறக்கட்டளையோ நடத்தும் வகுப்புகளின் ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத வரி விழும்.

இது ஏன் பெரிதாகப் பேசப்படவில்லை என்றால், அதே கூட்டத்தில்தான் உறையிட்டு முத்திரையிட்ட அரிசிக்கும் தயிருக்கும் 5 சதவீத வரி விதிக்கப்பட்டது. அந்த வரி அமலுக்கு வந்த ஜூலை 18 அன்றுதான் நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடரும் தொடங்கியது. தயிர்ப் பொட்டலங்களை ஏந்தி எதிர்க்கட்சியினர் காந்தி சிலை முன் நின்றனர். விலைவாசி உயர்வைக் கண்டித்துப் பதாகை பிடித்ததற்காக மாணிக்கம் தாகூர், ஜோதிமணி உள்ளிட்ட நான்கு காங்கிரஸ் உறுப்பினர்கள் மக்களவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். மறுநாள் மாநிலங்களவையில் தி.மு.க.வினர் உள்பட 19 பேர் இடைநீக்கத்துக்கு உள்ளாயினர். அந்த அமளியில் நடனப் பள்ளியின் நினைவு யாருக்கு வரும்? செய்தியாளர் மாடத்தில் அமர்ந்திருந்த எங்களில் எவருக்கும் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரி தொடர்பான அறிவிக்கைகள் சட்டப்படி அவையின் மேஜையில் வைக்கப்படுகின்றன. அமைச்சர் எழுந்து ஒரே வரியில் சொல்லிவிட்டு அமர்ந்தால் அந்தக் கடமை முடிந்தது.

எதிர்க்கட்சி ஆளும் மாநிலங்களின் நிதியமைச்சர்களும் உறுப்பினர்களாக உள்ள கவுன்சிலில் எடுக்கப்பட்ட முடிவு இது என்பதால், பழியை மத்திய அரசின் மீது மட்டும் சுமத்திவிட்டு மற்றவர்கள் கைகழுவிவிட முடியாது.

ஓர் ஆசிரியையின் கணக்கு

கிழக்கு தில்லியில் பல ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வரும் ஆசிரியை ஒருவரை அண்மையில் சந்தித்தபோது அவர் தமது வரவுசெலவு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வரித் துறையினரை வம்புக்கு இழுக்க அவருக்கு விருப்பமில்லை.

அவரிடம் கட்டணம் செலுத்திப் படிப்பவர்கள் 90 பேர். மாதம் ரூ. 2,000. இவர்களைத் தவிர 14 பேர் இலவசமாகப் பயில்கின்றனர். வீட்டு வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலாளிகளின் பிள்ளைகள், இஸ்திரி போடுபவரின் மகள். முதல் வரிசையில் நிற்பவள் அந்த இஸ்திரிக்காரர் மகள்தான் என்றார் ஆசிரியை, சற்றுப் பெருமையுடன்.

90 பேரின் ஆண்டுக் கட்டணம் ரூ. 21.60 லட்சம். தனிநபராக நடத்தியிருந்தால் இதற்கு வரி இல்லை. ஆனால் அவர் சில ஆண்டுகளுக்கு முன்பு பள்ளியை அறக்கட்டளையாகப் பதிவு செய்துவிட்டார். ஏன் செய்தார்? பெரு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறலாம், அதைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை 14-லிருந்து 40 ஆக்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அந்த ஆலோசனையில் தவறில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் நிறுவனங்கள், அதைத் தனிநபர் கையில் கொடுக்க முடியாது. வெளியார் மூலம் செலவிடுவதானால், பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம் போன்றவற்றின் மூலமே செலவிட வேண்டும். வருமான வரித் துறையின் பதிவும், 2021 ஏப்ரல் முதல் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் தனிப் பதிவு எண்ணும் அவற்றுக்குத் தேவை.

அதாவது, நன்கொடை வேண்டுமென்றால் அறக்கட்டளையாக இருக்க வேண்டும். வரி விலக்கு வேண்டுமென்றால் அறக்கட்டளையாக இருக்கக் கூடாது. நிதியமைச்சகத்தின் ஒரு கையும் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் மற்றொரு கையும் இந்த ஆசிரியையை ஆளுக்கொரு பக்கமாக இழுக்கின்றன. இரண்டு துறைகளுக்கும் அமைச்சர் ஒருவரே என்பது கூடுதல் தகவல்.

18 சதவீத வரியைப் பெற்றோரிடம் வசூலித்தால் மாதக் கட்டணம் ரூ. 2,360 ஆகும். நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர் பலர் இந்தக் கூடுதல் தொகையைக் கண்டு பிள்ளையை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் அஞ்சுகிறார். ரூ. 50 லட்சத்துக்கு உட்பட்ட சேவையாளர்களுக்கு உள்ள தொகுப்பு முறையில் சேர்ந்தால் 6 சதவீதம் மட்டுமே வரி. ஆனால் அதை மாணவரிடம் தனியாக வசூலிக்க முடியாது, கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். அது ஆண்டுக்கு ரூ. 1,29,600. மாதம் ரூ. 10,800. ஏறக்குறைய இந்தத் தொகையைத்தான் அவர் மிருதங்கக்காரருக்கு மாதந்தோறும் கொடுத்து வருகிறார்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கட்டணம் செலுத்துவோரின் எண்ணிக்கையை 83 ஆகக் குறைத்துக்கொண்டால் வருவாய் ரூ. 20 லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஏழு பேரை நிறுத்தினால், அவர்களுடைய கட்டணத்தில் ஓடும் இலவச இடங்கள் சிலவும் சேர்ந்தே போகும். அந்த 14 பேரில் யாரை நிறுத்துவது என்று கேட்டுவிட்டு அவர் நோட்டை மூடிவைத்தார்.

அறக்கட்டளைகளின் தொண்டுப் பணிகளுக்கு ஜிஎஸ்டியில் தனி விலக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. ஆனால் 'தொண்டு' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் குறுகலானது. பொது சுகாதாரம், ஆன்மிகம், யோகா, சுற்றுச்சூழல், ஆதரவற்ற குழந்தைகளுக்கான கல்வி ஆகியவை அதில் உண்டு. நடனம் இல்லை. இஸ்திரிக்காரர் மகள் ஆதரவற்றவள் அல்ல. அவளுக்குத் தாய் தந்தையர் இருக்கிறார்கள், பணம்தான் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி சீர்திருத்தத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள், யோகா நிலையங்கள், அழகு நிலையங்கள், முடிதிருத்தகங்கள் ஆகியவற்றுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நடனப் பள்ளி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. பாட்டுக்கு ஏற்பக் குதித்து உடல் இளைக்கச் செய்யும் வகுப்பை உடற்பயிற்சி என்று வாதிட இடமுண்டு. அலாரிப்பை அப்படி வாதிட எந்தப் பரத ஆசிரியைக்கும் மனம் வராது.

650 பேருக்கு உதவித்தொகை

மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. கலாசார அமைச்சகத்தின் கீழ், தில்லி துவாரகாவில் இயங்கும் கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் (சிசிஆர்டி) 1982 முதல் இளம் திறனாளிகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தை நடத்தி வருகிறது. 10 முதல் 14 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளிலிருந்து ஆண்டுக்கு 650 பேர் தேர்வு செய்யப்படுகின்றனர். பரம்பரையாகக் கலைத்தொழில் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. 20 வயது வரை தொடர்ந்து பெற வழி உண்டு. எண்ணம் உயர்ந்தது.

தொகையைப் பார்ப்போம். திட்ட விதிப்படி ஆண்டுக்கு ரூ. 3,600. அதாவது மாதம் ரூ. 300. இதைத் தவிர, ஆசிரியருக்குச் செலுத்தும் கட்டணம் ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ. 9,000 வரை ஈடு செய்யப்படும். மாதம் ரூ. 750.

மேலே கூறிய கிழக்கு தில்லிப் பள்ளியில் ரூ. 2,000 கட்டணத்துக்கு மாதம் ரூ. 360 வீதம் ஓராண்டுக்கு ஜிஎஸ்டி ரூ. 4,320 ஆகும். மத்திய அரசு ஒரு மாணவிக்கு ஆண்டுக்குக் கொடுக்கும் உதவித்தொகை ரூ. 3,600. கொடுத்ததைக் காட்டிலும் ரூ. 720 அதிகமாகத் திரும்பப் பெறும் திறமையை என்னவென்பது? கட்டண ஈட்டுத் தொகையான ரூ. 9,000-த்தையும் சேர்த்துக்கொண்டாலும், ஆண்டுக்கு வரியுடன் ரூ. 28,320 செலுத்த வேண்டிய பெற்றோருக்கு ரூ. 12,600-தான் கைக்கு வரும், பாதிகூட இல்லை.

18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு மற்றொரு திட்டம் உண்டு. ஆண்டுக்கு 400 இளம் கலைஞர்களுக்கு மாதம் ரூ. 5,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. தொகை பரவாயில்லை. ஆனால் விண்ணப்பிப்பதற்கே குருவிடம் ஐந்தாண்டுகள் பயின்றிருக்க வேண்டும். பணமில்லாததால் ஐந்தாண்டுகள் பயில முடியாதவருக்கு இத்திட்டத்தின் வாசல் தெரியாது. குரு-சிஷ்யப் பரம்பரைத் திட்டத்தில் கலைக்குழுக்களின் குருவுக்கு மாதம் ரூ. 15,000-மும், சீடர்களுக்கு வயதைப் பொருத்து ரூ. 2,000 முதல் ரூ. 10,000 வரையிலும் வழங்கப்படுகின்றன. இருக்கும் திட்டங்களில் ஓரளவு நடைமுறை அறிவுடன் வகுக்கப்பட்டது இதுவே. ஆனால் பயன் பெறுவது, ஏற்கெனவே நிலைபெற்ற குழுக்கள்.

நடனத்தைப் பொருத்தவரை இவை யாவும் மரபுக் கலைகளுக்கு மட்டுமே. பாலேயோ, ஹிப்-ஹாப்போ, ஸ்விங்கோ கற்கும் கமல் சிங்குகளுக்கு இவற்றில் இடமில்லை. மரபுக் கலைக்கு முன்னுரிமை தருவதில் பிழை காண முடியாது. ஆனால் 2019-ல் மும்பைப் புறநகரிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று 'வேர்ல்டு ஆஃப் டான்ஸ்' போட்டியில் 10 லட்சம் டாலர் பரிசை வென்ற 'கிங்ஸ்' குழுவையும், மறு ஆண்டு அங்கே மற்றொரு போட்டியில் முதலிடம் பெற்ற 'வி அன்பீட்டபிள்' குழுவையும் இந்தியாவின் பெருமை என்று கொண்டாடும்போது மட்டும் இந்தப் பாகுபாடு மறந்து போகிறது.

அமைச்சகத்திடம் பணமில்லை என்பதும் முழு உண்மையல்ல. 2025-26 பட்ஜெட்டில் கலாசார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ரூ. 3,360.96 கோடி. ஏறத்தாழ ரூ. 50.65 லட்சம் கோடி கொண்ட மொத்த பட்ஜெட்டில் இது நூற்றில் ஒரு பங்குகூட அல்ல; பத்தாயிரத்தில் ஏழு பங்கைக்கூட எட்டவில்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குச் செல்கிறது. ஆனால் 650 பிள்ளைகளுக்கும் முழுத் தொகையான ரூ. 12,600 வீதம் கொடுத்தாலும் ஓராண்டு அணிக்கு ஆகும் செலவு ரூ. 81.90 லட்சம்தான். தேர்வான ஒவ்வொருவரும் பத்தாண்டுகள் தொடர்ந்தாலும், பத்து அணிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 8.19 கோடி. தொகையை மும்மடங்காக்கினாலும் ரூ. 25 கோடியைத் தாண்டாது. தில்லியில் ஒரு மேம்பாலத்தின் இறக்கத்துக்குக்கூட இந்தத் தொகை காணாது.

தலைநகரின் சலுகை

தில்லிப் பிள்ளைகளுக்கு வேறு சில வாசல்களும் உண்டு. கோட்லா சாலையில் நேரு காலத்தில், 1956-ல் தொடங்கப்பட்ட தேசிய பாலபவனில் சிறு உறுப்பினர் கட்டணம் செலுத்தினால் நடனம், இசை, ஓவியம், மண்பாண்டம் எல்லாம் பழகலாம். பள்ளி விடுமுறை நாள்களில் புல்வெளியில் அரசு அதிகாரியின் மகளும் கடைநிலை ஊழியரின் மகளும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தலைநகரில் எனக்குப் பிடித்த காட்சிகளில் அதுவும் ஒன்று.

சாணக்கியபுரியில் உள்ள கதக் கேந்திரம் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் இயங்குகிறது. 1964-ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில் தனியார் பள்ளிகளைவிடக் கட்டணம் குறைவு. அகாதெமியின் இதுபோன்ற மற்றொரு பயிற்சி நிறுவனம் இம்பாலில் உள்ள ஜவஹர்லால் நேரு மணிப்புரி நடன அகாதெமி. நமது சென்னையில், 1936-ல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரம் 1993-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகியது. ஆனால் நாட்டில் எத்தனை மாவட்டங்கள்! தேனியிலோ தர்பங்காவிலோ பிறந்த பிள்ளை இவற்றின் பெயரைக் கேள்விப்படவே காலம் ஆகும்.

கதக் கேந்திரத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்திய பண்டிட் பிர்ஜு மகராஜின் வாழ்க்கையே இந்தப் பிரச்னைக்கு நல்ல சாட்சி. லக்னௌவின் புகழ்பெற்ற கதக் குடும்பத்தில் 1938-ல் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் தந்தை அச்சன் மகராஜை இழந்தார். அதற்கு முன் தந்தையிடம் முறைப்படி சீடராக வேண்டியிருந்தது. தட்சிணை இல்லாமல் சொந்த மகனுக்கும் கண்டா என்னும் சீடக் கயிற்றைக் கட்ட அச்சன் மகராஜ் மறுத்துவிட்டார். சிறுவனின் நிகழ்ச்சிகளில் கிடைத்த 500 ரூபாயைத் தாயார் தட்சிணையாகக் கொடுத்த பிறகே கயிறு கட்டப்பட்டது என்பதை பிர்ஜு மகராஜ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குருகுலத்தில் எல்லாம் இலவசம் என்று மேடைகளில் முழங்குபவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. தந்தை மறைந்த பின் வறுமை. 13 வயதில் தில்லி சங்கீத பாரதியில் ஆசிரியர் வேலை. அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தால் 2022 ஜனவரியில் அவர் மறைந்தபோது நாடு துக்கம் கொண்டாடியிருக்க வாய்ப்பில்லை.

ஹார்லெம் காட்டும் வழி

கட்டணம் ஏழைகளை விரட்டுவது நம் நாட்டுப் பிரச்னை மட்டுமல்ல. ஸ்விங் நடனத்தை எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 1926-ல் திறக்கப்பட்ட சவாய் நடன அரங்கில் கருப்பினத் தொழிலாளர்கள் வளர்த்தெடுத்த 'லிண்டி ஹாப்' அதன் முதன்மை வடிவம். கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆட அனுமதிக்கப்பட்ட அரங்கு அது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலரை எட்டவில்லை. வகுப்பு என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை. வேலை முடிந்து வந்தவர்கள் அடுத்தவர் காலைப் பார்த்துக் கற்றுக்கொண்டனர். 1958-ல் அரங்கு மூடப்பட்டது. அதன் மிகப் பெரிய ஆட்டக்காரரான பிராங்கி மானிங் அதற்கு முன்பே தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து, சுமார் 30 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். 1980-களில் இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் ஆட அழைத்தனர். 2009-ல் 94 வயதில் அவர் காலமானார்.

மறுமலர்ச்சி பெற்ற ஸ்விங், வகுப்புகளாகவும் வார இறுதி முகாம்களாகவும் மாறியது. விமானப் பயணம் செய்து கற்கும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகியது. ஏழைகளின் ஆட்டத்தை ஏழைகளே கற்க முடியாத நிலை. இதை அங்குள்ள நடனக்காரர்கள் உணர்ந்து சில வழிகளைக் கையாள்கின்றனர். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். கேள்வி கேட்காமல், சான்றிதழ் கோராமல், கொடுப்பதைப் பெற்றுக்கொள்வது. வாசலில் சீட்டு கிழித்தும் நாற்காலி அடுக்கியும் உதவுபவருக்கு வகுப்பு இலவசம். நடன இரவுகளின் முதல் ஒரு மணி நேரம் தொடக்கநிலையினருக்கு இலவசப் பாடம். மானிங்கின் பெயரால் அமைந்த அறக்கட்டளை முகாம்களுக்குச் செல்ல உதவித்தொகை அளிக்கிறது.

இவற்றில் நமக்குப் புதியது என்று எதுவுமில்லை. கிழக்கு தில்லி ஆசிரியை செய்வதும் இதையேதான். தாராவியில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு எடுக்கின்றனர். பணம் உள்ளவரின் கட்டணத்தில் பணம் இல்லாதவர் பயில்வதே எங்கும் நிலைத்து நிற்கும் முறை. அந்தப் பணம் உள்ளவரின் கட்டணத்தில்தான் 18 சதவீதம் கைவைக்கிறது என்பது நமது பிரச்னை.

இடத்துக்கான வாடகையும் சாதாரணச் செலவல்ல. தில்லியில் இளைஞர்கள் பூங்காக்களிலும், கண்ணாடிச் சுவர் கொண்ட கட்டடங்களின் முன்னாலும் மாலையில் நடனம் பழகுவதைக் காணலாம். கண்ணாடி, வகுப்பறையின் நிலைக்கண்ணாடிக்குப் பதில். காவலாளி விரட்டினால் அடுத்த கட்டடம். மாநகராட்சிச் சமுதாயக் கூடங்கள் திருமணம் இல்லாத நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் நான்கு மாலைகள் அவற்றைத் திறந்துவிட நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. ஒரு மாமன்றத் தீர்மானம் போதும்.

அவையில் ஆடியவர்கள்

கலைஞர்களின் குரலும் அவையில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக மாநிலங்களவைக்கு 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்க அரசியல் சட்டம் வழி செய்தது. நடனக் கலைஞர்கள் பலர் வந்துள்ளனர். 1952-ல் ருக்மிணி தேவி அருண்டேல் நியமிக்கப்பட்டார். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா நடனத்தைப் பற்றியது அல்ல, விலங்குகள் வதைத் தடுப்பு பற்றியது. 1960-ல் நிறைவேறிய சட்டத்துக்கு அதுவே வித்து. தென் சென்னை வாக்காளர்கள் 1984-லும் 1989-லும் மக்களவைக்குத் தேர்ந்தெடுத்த வைஜெயந்திமாலா, 1993-ல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். ஒடிஸி, பரதக் கலைஞர் சோனல் மான்சிங் 2018 முதல் 2024 வரை உறுப்பினராக இருந்தார்.

ஆயினும் கலாசார அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, பெரும்பாலான ஆண்டுகளில் மற்ற பல அமைச்சகங்களின் கோரிக்கைகளோடு சேர்த்து, விவாதமின்றி ஒரே மூச்சில் நிறைவேற்றப்படுகிறது. போக்குவரத்து, சுற்றுலா, கலாசாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, தேசிய அகாதெமிகளின் செயல்பாடு பற்றி 2023 ஜூலையில் ஓர் அறிக்கை அளித்தது. விருது பெறுபவர்களிடம் அதைத் திருப்பித் தரமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என்ற ஒரு பரிந்துரை மட்டும் எல்லாப் பத்திரிகைகளிலும் தலைப்புச் செய்தியானது. விருது வாங்கும் நிலைக்கு வரும் முன் அந்தக் கலைஞர் யாரிடம், எந்தப் பணத்தில் கற்றார் என்ற கேள்விக்குத் தலைப்புச் செய்தி ஆகும் தகுதி இல்லை போலும்.

2022 ஜூலையில் வரி விலக்கு அறிவிக்கையில் சேர்க்கப்பட்டது 'தனிநபரால்' என்ற ஒரு சொல். அதை எடுக்கவோ, அதனுடன் பதிவு பெற்ற அறக்கட்டளைகளையும் சேர்க்கவோ மசோதா வேண்டியதில்லை. கவுன்சில் பரிந்துரைத்தால் ஓர் அறிவிக்கையிலேயே முடியும். விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் அறக்கட்டளைகளுக்கு அதே பதிவின் அடுத்த வரியில் விலக்கு இன்றும் நீடிக்கிறது. கிரிக்கெட் மட்டை பிடிக்கக் கற்றுத் தரும் அறக்கட்டளைக்கு இல்லாத வரி, முத்திரை பிடிக்கக் கற்றுத் தரும் அறக்கட்டளைக்கு எதற்கு என்று கவுன்சிலில் கேட்கும் உரிமை தமிழக நிதியமைச்சருக்கும் உண்டு.

சிசிஆர்டி உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் அறிவிக்கை வெளியாகிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்கும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் மையத்தின் இணையதளம் மூலம் விண்ணப்பிக்கலாம். கிழக்கு தில்லி ஆசிரியை இம்முறை இஸ்திரிக்காரர் மகளுக்காக விண்ணப்பம் பூர்த்தி செய்து வைத்திருக்கிறார். அவளுக்கு இப்போது வயது 13.